பீருக்கு ஒரு வாசனைப் பெட்டி: காரைக்காலில் செய்து பார்த்தது

ஆறு பேருக்கும் மும்மூன்று கிளாஸ் வைத்தோம். மூன்றில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறு என்றால் வேறு கம்பெனி சரக்கு இல்லை. ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய, ஒரே பேட்ச் எண் போட்ட லாகர்தான், அதாவது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வெளிர் நிற பீர். ஒரு பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தது. இன்னொன்று சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் மூன்று வாரம் கிடந்தது. எந்த கிளாஸ் தனி என்று சொல்ல வேண்டும். ஐந்து பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதில் மூன்று பேர் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்: நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசம்.

போன வருஷம் இதே ஆட்கள் இதே மேஜையில் உட்கார்ந்து குடித்தபோது காகிதத்தில் விழுந்ததெல்லாம் "சூப்பர்", "பரவாயில்லை", "கசப்பு ஜாஸ்தி" என்ற மூன்றுதான். அந்த நிலையிலிருந்து இங்கே வந்து சேர ஒரு வாசனைப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்தோம், எது உருப்பட்டது, எதைத் தூக்கிப் போட்டோம், எவ்வளவு ஆச்சு என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

எங்கள் கூட்டத்தில் மாயவரம், திருவாரூர், கும்பகோணம் ஆட்கள் உண்டு. கூடுவது காரைக்காலில். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். பீர் வாங்க இங்கே சிரமமில்லை, ஆனால் கடையில் நிற்பதில் பெரும்பாலானவை லாகர்தான். க்ராஃப்ட் பீர் என்று தனியாகச் சொல்லக்கூடியவை, அதாவது சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சும் வகைகள், புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ யாராவது வேலையாகப் போகும்போதுதான் கிடைக்கும். 2009-ல் புனேயில் டூலாலி, 2010-ல் பெங்களூரில் டாய்ட் என்று அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடைகள் வந்த பிறகு பெங்களூரில் மட்டும் எத்தனையோ இடங்கள் வந்துவிட்டன. போகிறவர் இரண்டு மூன்று ருசி பார்த்து வந்து சிபாரிசு செய்வார். அடுத்து போகிறவர் அதை நம்பிக் காசு செலவழிப்பார். ஆகவே சிபாரிசு சரியாக இருப்பது எங்களுக்கு முக்கியம்.

அது சரியாக இல்லை. மாயவரத்துக்காரர் ஐபிஏ என்ற வகை பீர் ஒன்றைப் பற்றி "நல்ல பழ வாசம்" என்று சொன்னார். அதை நம்பிப் போன திருவாரூர்க்காரர் மாம்பழ ஜூஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்கி, கசப்பில் பாதியை வைத்துவிட்டு வந்தார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. பழ வாசமும் கசப்பும் இரண்டுமே அதில் உண்டு. ஒருவர் மூக்கைப் பிடித்துச் சொன்னார், இன்னொருவர் நாக்கைப் பிடித்துச் சொன்னார்.

பீர் ஆலைகளில் ருசி பார்ப்பவர்களைப் பழக்க தனித்தனி வாசனை கொண்ட குளிகைகள் உண்டு. சாதாரண பீரில் ஒன்றைக் கலந்தால் அந்த ஒரு வாசம் மட்டும் தூக்கலாக வரும். அதை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் எங்கள் மொத்த பட்ஜெட்டும் போய்விடும். பலசரக்குக் கடையையும் பேக்கரி சாமான் கடையையும் வைத்தே செய்துவிடலாம் என்று இறங்கினோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் பீர் காய்ச்சவில்லை. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சக் கூடாது. கடையில் வாங்கிய பீரில் கலந்து பார்த்ததுதான் எல்லாம். தமிழ்நாட்டுக்காரர்கள் யாரும் திரும்பிப் போகும்போது பாட்டில் கொண்டு போவதில்லை, வண்டியும் ஓட்டுவதில்லை. இங்கேயே தங்கிவிட்டுக் காலை பஸ்ஸைப் பிடிக்கிறார்கள்.

முதல் வேலை கிளாஸ். இதில்தான் எதிர்பார்க்காத அளவு நேரம் போனது. நுரை நிற்கவே இல்லை. ஊற்றியதும் எழும்பி, அரை நிமிஷத்தில் சோடா மாதிரி அடங்கிவிடும். பீர் பழசு என்றுதான் முதலில் நினைத்தோம். புது பாட்டில் வாங்கியும் அதே கதை. கடைசியில் பார்த்தால் கிளாஸ்தான். சமையலறையில் மற்ற பாத்திரங்களோடு கழுவியதில் எண்ணெய்ப் பசை மெல்லிசாக ஒட்டியிருந்தது. துடைத்த துணியிலும் எண்ணெய். எண்ணெய் பட்டால் பீர் நுரை நிற்காது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக இறங்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பசை போகவில்லை.

எலுமிச்சை வாசனை சோப்பு போட்டுக் கழுவினோம். பசை போயிற்று, எலுமிச்சை வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் சோடா உப்பு போட்டு, அதற்கென்றே வைத்திருக்கும் புது ஸ்பாஞ்சால் தேய்க்கிறோம். கடைசி அலசல் கேன் தண்ணீரில். இங்கே போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. துணியால் துடைப்பதே இல்லை, மூங்கில் தட்டில் கவிழ்த்துக் காயவைக்கிறோம். கிளாஸ் வாய் சற்றுக் குறுகியதாக இருந்தால் வாசம் தங்கும். 180 மில்லி பிடிக்கும், அடி பருத்து வாய் ஒடுங்கிய கிளாஸ் ஒன்று 45 ரூபாய் வீதம் 20 வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் மேலே மூட சின்ன எவர்சில்வர் தட்டு வீட்டிலேயே இருந்தது.

கிளாஸுக்கு எண் ஒட்டுவதிலும் ஒரு சிக்கல். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த பீர் ஊற்றிய மறுநிமிஷம் கிளாஸ் வியர்த்து, ஒட்டிய காகிதமெல்லாம் கழன்று மேஜையில் கிடக்கும். எது எந்த கிளாஸ் என்று தெரியாமல் ஒரு சுற்று முழுதும் வீணானது. அப்புறம் கலர் ரப்பர் பேண்டுக்கு மாறினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஐந்து ரூபாய் பாக்கெட், இன்றுவரை பிரச்சினை இல்லை.

அடுத்தது ஜாடிகள். குடிப்பதற்கு முன்னால் மூக்கைப் பழக்க வேண்டும். மூடி போட்ட சின்னக் கண்ணாடி ஜாடி பன்னிரண்டு எடுத்து எண் போட்டோம். கொத்தமல்லி விதை, கமலா ஆரஞ்சுத் தோல், நார்த்தங்காய்த் தோல், வாழைப்பழம், கிராம்பு, வறுத்த பார்லி, கருப்பட்டி, பம்ளிமாஸ் தோல், மிளகு என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. ருசி பார்க்க உட்காரும் அரை மணி முன்னால் திறக்காமல் அறை வெப்பத்தில் வைத்துவிட வேண்டும். திறந்து ஒரு சின்ன உறிஞ்சல், மூடி, அடுத்தவருக்கு. நீளமாக முகர்ந்தால் மூக்கு மரத்துவிடுகிறது.

மல்லி விதையில் ஒரு விஷயம் கவனித்தோம். பெல்ஜிய விட்பியரில் கோதுமையோடு கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். ஹூகார்டன் ஊரில் அந்த வகை ஏறக்குறைய மறைந்துபோய், 1966-ல் பியர் செலிஸ் என்பவர் மறுபடி காய்ச்சத் தொடங்கியதால் பிழைத்தது. நம் ஊரில் பீரா 91 ஒயிட்டைக் குடித்தவர்களுக்கு அந்த மல்லி வாசம் தெரிந்திருக்கும். ஆனால் சமையலறை டப்பாவில் ஆறு மாசமாகக் கிடந்த மல்லியை ஜாடியில் போட்டபோது ஒருவருக்கும் பிடிபடவில்லை. வெறும் தூசி வாசம்தான். புது மல்லி வாங்கி, முகர்வதற்குச் சற்று முன் உரலில் இரண்டு இடி மட்டும் இடித்து, ஒவ்வொரு விதையும் இரண்டாக உடையும் அளவில் போட்டபோது எலுமிச்சையும் பூவும் கலந்த வாசம் குபீரென்று வந்தது. கும்பகோணத்துக்காரர் முகர்ந்துவிட்டு, "அண்ணே, இது சாம்பார் பொடிக்கு வறுக்கறதுக்கு முன்னாடி வர்ற வாசம்ண்ணே. வறுத்தா போயிடும்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. வறுத்தால் வேறு ஆளாகிவிடுகிறது.

வாழைப்பழத்துக்கு நிறைய அலைந்தோம். ஜெர்மனியின் ஹெஃபவைசென் வகைக் கோதுமை பீரில் வாழையும் கிராம்பும் வரும். இரண்டையும் அந்த ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. யாரும் பழம் போடுவதில்லை. டெல்டாவில் வாழைக்குக் குறைவா? பூவன், ரஸ்தாளி, பச்சநாடன், மோரிஸ் நான்கையும் வரிசையாக வைத்து, பெங்களூரில் அந்த பீரைக் குடித்து வந்த இரண்டு பேரிடம் எது என்று கேட்டோம். பூவன் புளிப்பாக இருக்கிறது என்று முதலிலேயே தள்ளிவிட்டார்கள். ரஸ்தாளியில் வாசம் அதிகம், ஆனால் அது வேறு திசை. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த மோரிஸ்தான் கிட்டத்தில் வந்தது. அதையும் அப்போதே நறுக்கிப் போட வேண்டும். அரை மணியில் கறுத்து, வாசம் மாறிவிடுகிறது. பேக்கரி வாழை எசென்ஸ் இன்னும் நெருக்கம், மிட்டாய்த்தனமும் கூடவே வருகிறது. இப்போது ஜாடியில் பழம், கலப்பதற்கு எசென்ஸ் என்று பிரித்துக்கொண்டோம்.

கலக்கும் வேலைக்கு அடிப்படை பீர் வேண்டும். கடையில் கிடைக்கும் மிதமான லாகர், ஐந்து சதவீத ஆல்கஹால் ஒட்டி இருப்பது நல்லது. ஸ்ட்ராங் என்று போட்டதை வாங்க வேண்டாம். ஆல்கஹாலின் எரிப்பு மென்மையான வாசங்களை மூடிவிடுகிறது. ஒருவருக்கு 50 மில்லி, ஆறு பேருக்கு 300. ஒரு 650 மில்லி பாட்டிலில் இரண்டு கலவை ஆகும். ஒரு நாளைக்கு ஆறு கலவைக்கு மேல் போவதில்லை. ஆளுக்கு 300 மில்லிதான் ஆகிறது. அதற்கு மேல் போனால் எழுதுவதும் நம்பும்படி இருக்காது.

முதலில் மல்லித் தூளை நேராக பீரில் போட்டார் ஒருவர். ஜக்கு முழுக்க நுரை பொங்கி மேஜையில் ஓடியது. உள்ளே இருக்கும் வாயுவுக்கு ஒவ்வொரு துகளும் ஒரு பிடி கொடுத்துவிடுகிறது. பொடி எதையும் போடவே கூடாது, எல்லாம் வடிகட்டிய குளிர்ந்த தண்ணீராகத்தான் போக வேண்டும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கினோம், 1, 5, 10 மில்லி மூன்று அளவிலும். ஜக்கைச் சாய்த்துப் பிடித்து, உள்சுவரோடு சாறு வழியும்படி விட்டு, மெதுவாக ஒரு சுழற்று. கரண்டி விட்டுக் கலக்கினால் வாயு போய்விடும்.

300 மில்லி பீருக்கு அளவுகள் இப்படி நின்றன. மல்லி: இரண்டு கிராம் உடைத்த விதை, 100 மில்லி சூடான தண்ணீரில் பத்து நிமிஷம்; அதில் 12 மில்லி. ஆரஞ்சுத் தோல்: உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டி எடுத்த பிறகு மூன்று கிராம், அதே முறை, 10 மில்லி. வெள்ளை இருந்தால் கசப்புதான் முந்துகிறது. கிராம்பு: மூன்று எண்ணிக்கை, 50 மில்லி வெந்நீர், ஆறவிட்டு 3 மில்லி. 10 மில்லி போட்டபோது பல்வலி மருந்து வாசம் அடித்தது. மல்லியும் ஆரஞ்சும் சேர்த்த ஜக்கை முகர்ந்ததும் மேஜையில் எல்லாருக்குமே விட்பியர் எது என்று விளங்கிவிட்டது. பேசி விளக்கியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

புளிப்புக்கு இரண்டு ஜக்கு. ஒன்றில் சிந்தெடிக் வினிகர் 1.5 மில்லி. பாட்டிலில் 4 சதவீதம் என்று போட்டிருந்தது, அப்படியானால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அசிட்டிக் அமிலம். கூர்ந்து கவனித்தால் தெரியும் அளவு. இன்னொன்றில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிந்த தெளிவு 20 மில்லி. வினிகர் மூக்கில் குத்துகிறது, தயிர்த் தெளிவு நாக்கின் ஓரத்தில் மட்டும் இழுக்கிறது. பெரும்பாலான பீரில் முதலாவது வந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம். இரண்டாவது சில பீர்களில் வேண்டுமென்றே செய்வது. ஜெர்மனியின் கோஸே வகையில் இந்தப் புளிப்போடு உப்பும் கொத்தமல்லியும் சேரும். தயிர்த் தெளிவு ஜக்கில் கல்லுப்பை நீரில் கரைத்துச் சில சொட்டும், மல்லிச் சாறு 5 மில்லியும் விட்டுக் கொடுத்தேன். சித்திரைத் தேருக்குத் தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கும் நீர்மோரை நினைத்துக்கொண்டுதான் அந்த கிளாஸை எல்லாரும் காலி செய்தார்கள். எங்கள் ஊர் ஆட்களுக்கு முதன்முதலாக ஒரு க்ராஃப்ட் பீரைச் சிபாரிசு செய்ய வேண்டுமானால் இனி நான் கோஸேயைத்தான் சொல்வேன், ஐபிஏவை அல்ல. வெயில் ஊருக்கு ஏற்றது, நாக்குக்கும் ஏற்கனவே பழக்கம்.

குறைகளைப் பழகுவதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. வெண்ணெய் வாசத்துக்கு பேக்கரி பட்டர் எசென்ஸ். ஒரு சொட்டு நேராக விட்டால் பட்டர் பிஸ்கட்டைக் கரைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு சொட்டை 100 மில்லி தண்ணீரில் கலந்து, அதிலிருந்து 2 மில்லி எடுத்து 300 மில்லிக்கு விட்டோம். காய்ச்சி முடித்ததும் ஈஸ்ட்டுக்குப் போதிய நேரம் கொடுக்காமல் அவசரமாகக் குளிர வைத்தால் இந்த வாசம் தங்கும். வேகவைத்த மக்காச்சோள வாசத்துக்கு சோளம் வேகவைத்த தண்ணீரே போதும், 10 மில்லி.

வெளிச்சத்தால் வரும் குறைக்கு எதுவும் கலக்க வேண்டாம். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, இரண்டையும் கண்ணாடித் தட்டால் மூடி, ஒன்றுக்கு மட்டும் முழுக்க அலுமினியத் தாள் சுற்றி, நடுப்பகலில் மாடியில் பத்து நிமிஷம் வைத்தோம். இரண்டும் ஒரே மாதிரி சூடாகும், வெளிச்சம் ஒன்றுக்குத்தான் படும். திரும்ப ஐஸில் வைத்து இரண்டையும் 8 டிகிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தோம். வெயில் பட்டதைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் கருகிய ரப்பர் என்றார், ஒருவர் பெருங்காய டப்பா என்றார். பீரில் கசப்புக்கும் வாசத்துக்கும் போடும் ஹாப்ஸ் என்ற பூ கொடுக்கும் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கந்தக வாசம் பிறக்கிறது. பிரவுன் பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும், பச்சை அந்த அளவு தடுக்காது, கேனில் இந்தக் கவலையே கிடையாது. அதிலிருந்து கடையில் கண்ணாடி ஷோகேஸ் முன்வரிசையில் நிற்கும் பச்சை பாட்டிலை எங்களில் யாரும் எடுப்பதில்லை. பின்னாலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறோம்.

கசப்புக்கு ஒரு அளவுகோல் வைக்க நிலவேம்பு சரியாக வரும் என்று நினைத்தோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த கசப்பு. கஷாயம் வைத்து 1, 2, 4, 8 மில்லி என்று ஏறுவரிசையில் தண்ணீரில் கலந்து வைத்தோம். முதல் கிளாஸோடு அன்றைய வேலை முடிந்தது. அந்தக் கசப்பு நாக்கிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. பொரி, தண்ணீர், வாழைப்பழம் எதற்கும் மசியவில்லை. கசப்பு எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் சேர்த்துத்தான் அளவு, அதில் நிலவேம்பு வேறு ஜாதி.

அதன்பின் ஹாப்ஸையே வரவழைத்தோம். கேஸ்கேட் வகை, குளிகையாக அழுத்தியது, 50 கிராம் பாக்கெட். 1972-ல் அமெரிக்காவில் வெளிவந்த ரகம். அங்கே க்ராஃப்ட் பீர் வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு. பாக்கெட்டைத் திறந்ததும் அறை முழுக்க பம்ளிமாஸ் தோல் உரித்த வாசம். ஒரு கிராமை 200 மில்லி தண்ணீரில் 75 டிகிரியில் பத்து நிமிஷம் ஊறவைத்து வடிகட்டினோம். இன்னொரு கிராமை அதே அளவு தண்ணீரில் 45 நிமிஷம் கொதிக்கவிட்டு, வற்றிய தண்ணீரைத் திரும்பச் சேர்த்து வடிகட்டினோம். முதலாவதில் வாசம் நிறைய, கசப்பு கொஞ்சம். இரண்டாவதில் வாசம் போயே போய்விட்டது, கசப்பு மட்டும் நின்றது. பீர் காய்ச்சும்போது ஹாப்ஸை முன்னால் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசம் என்பது இந்த இரண்டு தம்ளரில் அடங்கிவிட்டது. பழ வாசம் என்று மாயவரத்துக்காரர் சொன்னதும், கசப்பு என்று திருவாரூர்க்காரர் சொன்னதும் ஒரே செடியின் இரண்டு பக்கம்தான் என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் ஒத்துப்போனது. கொதித்த சாற்றை 300 மில்லி லாகரில் 3, 6, 12, 24 மில்லி என்று கலந்து எங்கள் கசப்பு அளவு 1 முதல் 4 வரை வைத்துக்கொண்டோம். வடிகட்டிய சக்கையை வாசலில் போட வேண்டாம். ஹாப்ஸ் நாய்களுக்கு ஆகாது, குழியில் புதைத்துவிடுங்கள்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு பார்லி. மளிகைக் கடை பார்லி அரிசி 100 கிராம், இரும்பு வாணலி, சிறு தீ. தீ தணிவாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காத மாதிரிதான் தெரியும். 15 நிமிஷத்தில் பொரி வாசம், 20-ல் பிரட் வாசம், அதற்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் நிறம் மாறும். வெளிநிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். ஒரு மணியை எடுத்துக் கடித்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். வாணலியில் விட்டால் சூட்டிலேயே மேலும் இரண்டு படி ஏறிவிடும். முதல் ஈடு அப்படித்தான் கரியாகி, சாற்றில் சாம்பல் ருசி வந்தது. இரண்டாவது ஈட்டை இரண்டாக உடைத்து, 250 மில்லி குளிர்ந்த தண்ணீரில் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கும்பகோணத்துப் பித்தளை காப்பி ஃபில்டரில் இறக்கினோம். டிகாஷன் மாதிரியே இறங்கியது. 300 மில்லி லாகரில் 30 மில்லி விட்டதும் நிறம் கறுத்து, காப்பியும் கசந்த சாக்லேட்டும் வந்தது. நுரைகூடப் பழுப்பு.

அதையே 4 டிகிரியிலும் 12 டிகிரியிலும் கொடுத்தோம். 4-ல் வெறும் கசப்புத் தண்ணீர். 12-ல் எல்லாம் திறந்துகொண்டது. பல்லைக் கூசும் குளிரில் ஸ்டவுட் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று இத்தனை நாள் ஒதுக்கியது எவ்வளவு வீண்! 100 மில்லி கிளாஸ் ஒன்று எங்கள் கூடத்தில் 5 டிகிரியிலிருந்து 12-க்கு ஏற ஏறக்குறைய பத்து நிமிஷம் ஆகிறது. கம்பித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது. கோதுமை பீருக்கு 7, 8 டிகிரி, ஸ்டவுட்டுக்கு 12 என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐஸ் பெட்டியில் ஒரு எச்சரிக்கை. மீன் வியாபாரத்தில் பழகிய தெர்மோகோல் பெட்டி சும்மா கிடைக்கும், எடுக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் பாட்டில் வாய் வரை வாசம் வருகிறது. 180 ரூபாய்க்குப் புதுசு வாங்கிவிடுங்கள். அறையில் ஊதுபத்தி கூடாது, மல்லிகைப்பூ கூடாது, ருசி பார்க்கும் முன் மீன் வறுவல் கூடாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அன்றைய வேலையைத் தள்ளிப் போட்டுவிட வேண்டும். இடையில் தின்ன உப்பில்லாத அரிசிப் பொரி. காராசேவும் ஊறுகாயும் எல்லாம் முடிந்த பிறகு.

இத்தனைக்கும் பிறகுதான் மூன்று கிளாஸ் சோதனை. கொட்டகையில் மதியம் இரண்டு மணிக்கு 43 டிகிரி காட்டியது. பீர் தொழிலில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு சொல்வார்கள்: 3 டிகிரியில் 300 நாளில் ஆகும் முதுமை, 22 டிகிரியில் 30 நாளிலும், 32 டிகிரியில் 3 நாளிலும் வந்துவிடும். அந்தக் கணக்கில் எங்கள் பாட்டில் படாத பாடு பட்டிருக்கிறது. மூன்றில் ஒன்றை யாரும் குருட்டாம்போக்கில் சொல்லிவிட முடியும் என்பதால் ஆறு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னால் நம்பக் கூடாது. அப்படி அமைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து என்றால் நூற்றில் இரண்டுக்கும் குறைவு. ஊற்றியவர் வெளியே போய்விட வேண்டும், எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் மாற்றி எழுதிவிடுவார்கள்.

செலவு: கிளாஸ் 900, தெர்மாமீட்டர் 350, பொன் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு 550, ஹாப்ஸ் கூரியரோடு 650, பெட்டி 180, எசென்ஸ் இரண்டு 100, சிரிஞ்ச் 50, மளிகை 200 சொச்சம். 3,000 ரூபாய்க்குள், தலைக்கு 500. பீர் தனிக் கணக்கு. தராசு இல்லாமலும் ஒப்பேற்றலாம், தெர்மாமீட்டர் இல்லாமல் முடியாது.

இப்போது யாராவது ஒரு பீரைச் சொன்னால் உற்பத்தித் தேதி, கேனா பாட்டிலா குழாயா, எத்தனை டிகிரியில் குடித்தார், எந்த ஜாடி வாசம், கசப்பு எத்தனை, யாருக்குப் பிடிக்கும் என்று எழுத வேண்டும். திருவாரூர்க்காரர் போன மாதம் பெங்களூரிலிருந்து அனுப்பியது இது: "கோதுமை பீர், குழாய், 8 டிகிரி. வாழை ஜாடி நிறைய, கிராம்பு ஜாடி கொஞ்சம், கசப்பு 1. மாப்ள, உனக்குப் பிடிக்கும். மாயவரத்தாருக்கு வேண்டாம், அவருக்கு 3-க்குக் குறைஞ்சா சப்புனு இருக்கும்."

அடுத்த முறை சில மாற்றங்கள். ஹாப்ஸ் பாக்கெட்டைத் திறந்தபின் ரப்பர் பேண்ட் போட்டு வைத்ததில் ஒரு மாதத்தில் வாசம் பாதியாகி, பாலாடைக்கட்டி நாற்றம் தொடங்கிவிட்டது. இனி ஐந்து ஐந்து கிராமாகப் பிரித்துக் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் போட வேண்டும். கொதித்த சாற்றை ஐஸ் தட்டில் 12 மில்லி கட்டிகளாக உறைய வைத்தால் ஒவ்வொரு தடவையும் 45 நிமிஷம் அடுப்படியில் நிற்க வேண்டாம். கொட்டகைச் சோதனையை மார்கழியில் திரும்பச் செய்து பார்க்கப் போகிறோம். அதே மூன்று வாரம், அதே லாகர். அப்போதும் ஐந்து பேர் கண்டுபிடித்தால், ஃபிரிட்ஜ் இல்லாத கடையில் குளிர்காலத்தில்கூட உற்பத்தித் தேதி இரண்டு மாதத்துக்கு மேல் போனதை வாங்குவதை நிறுத்திவிடுவோம்.